வட்டமடித்த விமானமும் என் வயிற்றுக் கலக்கமும்

எங்கள் வாலிநோக்கத்தில் விமானம் என்றால் அண்ணாந்து பார்க்கிற சமாசாரம்தான். உச்சிப்புளியில் கடற்படையின் 'ஐ.என்.எஸ். பருந்து' தளம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் விமானம் கடலோரமாகப் போனால் பிள்ளைகள் கை ஆட்டுவார்கள். பயம் என்று ஒன்றும் வந்ததில்லை.

பயம் வந்தது சென்ற ஐப்பசியில். என் மகள் எட்டு மாதக் கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து மதுரைக்கு வருகிறாள். நானும் என் வீட்டுக்காரரும் மத்தியானமே கிளம்பி, சாயல்குடி, அருப்புக்கோட்டை வழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். போய் நின்றதுதான் தாமதம், அப்படி ஒரு இடி மழை! வரவேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிஷம் ஆயிற்று. கூட வந்த கொழுந்தனார் மகன் செல்போனில் காட்டினான். சின்ன விமானப் படம் ஒன்று மதுரைப் பக்கம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏண்டா, இப்படியே சுத்திக்கிட்டிருந்தா பெட்ரோல் தீர்ந்துடாதா?" என்றேன். எனக்கு உலை கொதிக்கும்போது காஸ் தீர்ந்து போகிற ஞாபகம்!

"தீராது பெரியம்மா" என்றான். விமானப் பராமரிப்புப் படித்த பையன் அவன். மதுரை வரை வருவதற்கு, மதுரையில் இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போவதற்கு, அங்கே போயும் இன்னும் 30 நிமிஷம் சுற்றுவதற்கு - இத்தனைக்கும் எரிபொருள் இருந்தால்தான் கிளம்பவே முடியுமாம். பத்துப் பேருக்கு உலை வைக்கும்போது நாலு பேருக்குக் கூடுதலாக அரிசி களைகிறோமே, அந்த மாதிரி. நமக்கு அது வழக்கம், அவர்களுக்குச் சட்டம்.

அந்தச் சட்டதிட்டங்களைப் போடுவது டெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். டி.ஜி.சி.ஏ. என்பார்கள். விமானிக்கும் பழுது பார்க்கும் என்ஜினீயருக்கும் மட்டுமல்ல, விமான நிலையத்துக்கே உரிமம் தருவது அதுதான். மதுரை நிலையத்தை நடத்துவதும், கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்வதும் வேறொரு அமைப்பு. 1995-ல் உருவான இந்திய விமான நிலைய ஆணையம். பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளைத் திருத்தக்கூடாது அல்லவா? 1934-ம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டமும் வந்துவிட்டது.

"ரெண்டு மூணு விமானம் சேர்ந்து சுத்தினா இடிச்சுக்காதா?" இது என் வீட்டுக்காரர். ஒன்றுக்கு மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளி விட்டுத்தான் சுற்ற வைப்பார்களாம்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் எனக்குப் பிடித்தது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை, 2025-ல் டி.ஜி.சி.ஏ. 48 மணி நேரமாக்கியதாம். தூக்கக் கலக்கத்தில் தப்பு நடக்கக்கூடாதே! இந்தப் புது ஓய்வு விதிகளுக்குத் தக்கபடி ஆள் சேர்த்து வைக்காமல் ஒரு பெரிய கம்பெனி திணறியதில், அந்த டிசம்பரில் நாடெங்கும் விமானங்கள் ரத்தாகி ஜனங்கள் தவித்ததைப் படித்திருப்பீர்கள். (கைக்குழந்தைக்காரிக்கு யார் இப்படி ஓய்வு விதி போடப் போகிறார்கள்?)

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போனில் அந்தப் படம் வட்டத்தை விட்டு வடக்கே நகர்ந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அரை மணி கழித்து மகளே பேசினாள். "அம்மா, திருச்சியில இறங்கிட்டோம். மழை விட்டதும் வருவோம்."

"பிள்ளை அழுதானா?"

"இறங்குறப்ப காதைப் பிடிச்சுக்கிட்டு வீறிட்டான். பால் குடுத்தேன், அடங்கிட்டான்."

இளம் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். விமானம் இறங்கும்போது குழந்தைக்குப் பாலைக் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதடைப்பு குறையும். இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று தனி பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு மதுரையில் இறங்கி வெளியே வந்தாள். பேரன் அவள் தோளில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இப்பத் தூங்கிட்டான்ல? இனி விடிய விடிய நாமதான் முழிக்கணும்" என்றபடி அவனை வாங்கிக்கொண்டேன்.