குருக்கத்தி: சிறகு முளைத்த விதை

பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காவிட்டால் குருக்கத்தி புதராகவே நின்றுவிடும். பக்கத்தில் ஒரு மரம் இருந்துவிட்டால் கதை வேறு. தண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும். நாளடைவில் கட்டையாக முற்றி, 30 மீட்டர் உயரம் வரைகூடப் போகும். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காட்டில் தானாக வளரும் கொடி இது. மாதவி என்றும் பெயர் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் வரிசையில் இதுவும் இருக்கிறது.

வசந்தத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நல்ல மணம். இதழ்கள் ஐந்து, ஓரமெல்லாம் நார்நாராகக் கிழித்துவிட்டது போலிருக்கும். வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடும். ஓர் இதழில் மட்டும் மஞ்சள் தீற்றல்.

இந்தப் பூவின் உண்மையான அழகு உள்ளே இருக்கிறது. பத்து மகரந்தத் தாள்களில் ஒன்று மட்டும் மிக நீளம். சூல்தண்டு ஒரு பூவில் இடப்புறம் வளைந்தால், அந்த நீளத் தாள் வலப்புறம் சாயும். அடுத்த பூவில் அப்படியே தலைகீழ். ஒரே கொடியில் இரு வகைப் பூவும் உண்டு. இடது பூவில் தேனீயின் ஒரு பக்கத்தில் ஒட்டும் மகரந்தம், வலது பூவின் சூல்முடியில் போய்ப் படும். பூவும் பூவும் கலப்பதற்கு எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

காய்க்கு மூன்று சிறகுகள். நடுச்சிறகுதான் நீளம், 5 சென்டிமீட்டர் வரை. உயரத்திலிருந்து உதிரும்போது காய் பம்பரமாகச் சுழலும். சுழல்வதால் மெதுவாக இறங்கும், அதற்குள் காற்று அதைத் தூரம் தள்ளிவிடும். கொடி உச்சிக்கு ஏறுவதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது.

அதே சிறகு வேறிடத்தில் கேடு செய்தது. தோட்டச் செடியாக மொரீஷியசுக்கும் ரியூனியனுக்கும் போன குருக்கத்தி, அந்தத் தீவுகளின் காட்டுக்குள் பரவி, உள்ளூர் மரங்களின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்து அவற்றை நசுக்குகிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிவிட்டது.

நம் மண்ணில் அந்தக் கவலை இல்லை, இது இங்கேயே பிறந்த கொடி. நல்ல வெயிலும், கனத்தைத் தாங்கும் இரும்புப் பந்தலும் கொடுங்கள். பூத்து முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். அந்தத் தீவுகளில் உறவினர் இருந்தால், விதையை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.