க்ளவுட் சர்வருக்கு ஒரு தனி வழி

என் மாமாவின் கடைக் கணக்கை, அமேசானின் மும்பை மையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய லினக்ஸ் சர்வரில் வைத்துள்ளேன். இதுபோல் வைத்திருப்பவர்களில் பலர், வீட்டிலிருந்து எளிதாக இணைவதற்காக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து விடுகின்றனர். பாஸ்வேர்ட் இருக்கிறதே என்ற தைரியம்தான்! ஆனால் திறந்த போர்ட்களைத் தேடுவதற்கென்றே புரோகிராம்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் கூட இல்லாமல் திறந்து கிடந்த பல ஆயிரம் மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்கும் மிரட்டல் செய்தி மட்டும் அவற்றில் மிஞ்சியது.

பெரிய நிறுவனங்கள் இதற்கு டைரக்ட் கனெக்ட் என்ற தனி இணைப்பை வாங்குகின்றன. நமக்கு அது கட்டுப்படியாகாது. அமேசானின் சைட்-டு-சைட் விபிஎன் கூட, டேட்டா போகாத நேரத்திற்கும் மணிக்கணக்கில் கட்டணம் கேட்கும். நமக்கு வயர்கார்டு என்ற இலவச புரோகிராம் போதும். 2020ல் வெளியான லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டது. விண்டோஸ், ஆண்ட்ராய்டிலும் இயங்கும்.

சர்வரிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதனை நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கீ உருவாக்கவும். பப்ளிக் கீயை மட்டும் பரிமாறிக் கொள்ளவும். பிரைவேட் கீயை மெயிலில், வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. சர்வருக்கு 10.8.0.1, வீட்டிற்கு 10.8.0.2 என முகவரி கொடுங்கள். அமேசானின் செக்யூரிட்டி குரூப்பில் யுடிபி 51820 போர்ட்டைத் திறக்கவும். இதுவும் திறந்த போர்ட்தானே என்று கேட்கலாம். சரியான கீ இல்லாதவர் எத்தனை முறை தட்டினாலும் வயர்கார்டு பதிலே தராது. உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

வீட்டுப் பக்கம் இரண்டு அமைப்புகளில் கவனம் தேவை. அலவ்டு ஐபீஸ் என்ற இடத்தில் 10.8.0.0/24 என்று மட்டும் தரவும். இன்டர்நெட்டில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்து 0.0.0.0/0 என்று போட்டால், நீங்கள் பார்க்கும் யுடியூப் வீடியோ கூட மும்பை சர்வர் வழியாகப் போகப் பார்க்கும். அங்கிருந்து வெளியேறும் டேட்டாவிற்கு, இலவச அளவு தாண்டினால், பணம் கட்டியாக வேண்டும். பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் மதிப்பை 25 எனத் தரவும். பிராட்பேண்ட் ரவுட்டர்கள் சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும். 25 நொடிக்கு ஒரு முறை இது நினைவூட்டும்.

அடுத்து, மைஎஸ்க்யூஎல்லின் பைண்ட் அட்ரஸை 10.8.0.1 என மாற்றவும். சர்வர் துவங்கும்போது வயர்கார்டு முதலில் இயங்குமாறு அமைக்கவும். இல்லையேல் அந்த முகவரியைக் காணாமல் மைஎஸ்க்யூஎல் நின்றுவிடும். வீட்டிலிருந்து 10.8.0.1 மூலம் கணக்கு திறக்கிறதா எனச் சோதித்த பின்னரே 3306ஐ மூடவும்.

லேப்டாப் தொலைந்து போனால், சர்வரில் அதன் பப்ளிக் கீயை மட்டும் நீக்கினால் போதும். மற்றவர்களின் இணைப்பு அப்படியே இருக்கும்.