அரங்கத்துக்கு யார் பெயர்?

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் 1975 ஜூலை 1 அன்று முகமது அலியும் ஜோ பக்னரும் 15 சுற்றுகள் மோதினார்கள். திறந்தவெளிப் புழுக்கத்தில் பக்னர் பெரும்பாலும் கையுறைகளால் முகத்தை மறைத்தபடியே நின்றார். அலி புள்ளிகளில் வென்றார். வந்துபோன வீரரின் கதை ஊருக்கே மனப்பாடம். 1998 காமன்வெல்த் போட்டியில் இதே நகரில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற சரவாக்காரர் சபோக் பிக்கியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மெர்டேக்கா, நெகாரா, புக்கிட் ஜாலில் என்று சுதந்திரத்துக்கும் நாட்டுக்கும் இடத்துக்கும் அரங்கப் பெயர்கள் உண்டு. கிள்ளான் அரங்கம் சுல்தான் சுலைமான் பெயரில் இருக்கிறது. இவற்றில் வியர்வை சிந்தியவர் பெயரைத்தான் காணோம்.

பெயர் வைத்தால் பதக்கம் வந்துவிடுமா என்பார்கள். வராது. ஆனால் புடாபெஸ்டின் பெரிய அரங்கம் ஒன்று, 1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் லாஸ்லோ பாப்பின் பெயரைத் தாங்குகிறது. கச்சேரிக்கு வருபவர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும். நமக்கும் இது புதிதல்ல: பினாங்கு ஸ்குவாஷ் மையத்துக்கு நிக்கோல் டேவிட் பெயர் உண்டு. உயிரோடிருப்பவர் பெயரைச் சூட்டினால் நாளை சங்கடம் வரலாம் என்ற அச்சம் நியாயமானதே. 1988-இல் விபத்தில் மறைந்த கால்பந்துக் கோல்காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்துக்கு அது பொருந்தாது. இருக்கும் பெயர்களை அழிக்கவும் வேண்டாம். கிள்ளானில் அடுத்து எழும் கால்பந்துத் திடலுக்கு ஆறுமுகம் பெயரைச் சூட்ட மாநகர் மன்றம் முன்வரட்டும்.