ஒரே ஏரி, இரண்டு ‘ச’

பழவேற்காட்டு ஏரியின் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது, பெரும்பரப்பு ஆந்திரத்தில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் ‘பாடு’ எனும் வழக்கப்படி முறைவைத்துப் போடும் வலைக்குச் ‘சுத்துவலை’ என்று பெயர். அதில் வரும் ‘சு’ காற்று உரசும் ஒலி. ஏரியின் மேற்குக் கரையில் தடாவைத் தாண்டினால், அதே வேரில் பிறந்த தெலுங்குச் சொல் ‘சுட்டு’. அதன் முதலொலி மட்டும் வேறு. நாக்கு ‘த்’ என்று அடைத்து ‘ஸ்’ என்று விடுகிறது. ஏறத்தாழ ‘த்ஸுட்டு’.

அடைப்பில் தொடங்கி உரசலில் முடியும் இத்தகைய ஒலியை மொழியியலார் அடைப்புரசொலி என்பார்கள்.

‘ப’, ‘ட’ சொல்லும்போது அடைபட்ட காற்று ஒரே வெடிப்பில் வெளியேறிவிடும். ‘பச்சை’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஒரு கணம் ஓசையே நின்றுபோகும். பிறகு நாக்கு முழுதாக விலகாமல் சிறு இடுக்கு மட்டும் விட, காற்று அதில் உரசிக்கொண்டு வெளிவரும். ‘காசு’ என்பதில் அந்த நிறுத்தம் கிடையாது. அதனால் அதன் ‘ஸ்’ ஒலியை மூச்சுள்ளவரை நீட்டலாம். ‘பச்சை’யை நீட்டினால் மௌனம்தான் நீளும். நாவின் நடுவும் அண்ணத்தின் நடுவும் சேருமிடமே ‘ச’ பிறக்குமிடம் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார்.

வடதமிழ்நாட்டுப் பேச்சில் இந்த ஒலி நிலைக்கத் துணை வேண்டும். பச்சை நண்டு, முயற்சி, கட்சி என இரட்டித்தோ, ‘ட்’, ‘ற்’ முன்னே நின்றோ வந்தால் அடைப்பு இருக்கும். வஞ்சிரத்தில் ‘ஞ்’ முன்னே நிற்பதால் அடைப்போடு குரலும் சேர்கிறது. தனியே வரும் சோறு, சுறா, மாசி எல்லாம் பெரும்பாலும் வெறும் உரசல். சட்டியும் அப்படித்தான், ஆனால் ‘குழம்புச்சட்டி’ ஆனதும் அடைப்பு வந்துவிடுகிறது! ஒரே எழுத்துக்குப் பல ஒலியா என்று தமிழைக் குறைசொல்பவர்கள் இந்த ஒழுங்கைக் கவனிப்பதில்லை. கடன்சொற்களை ஒதுக்கிவிட்டால், அக்கம்பக்கத்து எழுத்தே ஒலியைச் சொல்லிவிடும்.

தெலுங்கில் தீர்மானிப்பது பின்னால் வரும் உயிர். மீன் ‘சேப’, ஏகாரம் வருவதால் நம் ‘பச்சை’யில் கேட்கும் ஒலி. பாய் ‘சாப’, ஆகாரம் வருவதால் ‘த்ஸாப’. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். வடமொழிச் சொற்களுக்கு இந்த விதி பொருந்தாது.

2004 டிசம்பர் 26 அன்று இக்கரையைத் தாக்கிய பேரலையின் ஜப்பானியப் பெயரும் ‘த்ஸு’ என்றே தொடங்கும். தமிழில் சொல்லின் முதலில் அந்த ஒலி இல்லாததால் ‘சுனாமி’ ஆயிற்று.

இந்த ஒலிகள் எல்லாம் ஆதியிலிருந்தே ‘ச’வாக இருந்தவையும் அல்ல. கன்னடத்தில் காது ‘கிவி’, ஏரி ‘கெரெ’. தமிழிலும் தெலுங்கிலும் காது ‘செவி’. தெலுங்கில் ஏரி ‘செருவு’. இகர எகரத்தைச் சொல்ல நாக்கு முன்னே நகரும். தொண்டையருகே பிறந்த பழைய ‘க’வும் அதோடு அண்ணத்தின் நடுவுக்கு வந்து ‘ச’ ஆனது. ஆங்கிலத்திலும் இதே மாற்றம் உண்டு: ஸ்காட்லாந்தில் இன்றும் தேவாலயம் ‘கிர்க்’, இங்கிலாந்தில் ‘சர்ச்’.