வாய் கொள்ளும், வயிறு கொள்ளுமா? வளர்ப்புப் பாம்புக்கு ஏற்ற இரையளவு

பாம்பு வளர்க்க ஆசைப்படுபவரிடம் வீட்டார் முதலில் கேட்பது, "கடிக்குமா?" என்பதுதான். "எவ்வளவு பெரிய எலி போடுவது?" என்ற கேள்வி பாம்பு வீட்டுக்கு வந்த பிறகே எழுகிறது. அதற்கும் பலர் கண் மதிப்பிலேயே விடை சொல்லிவிடுகிறார்கள். பாம்பின் உடல்நலம் பெரிதும் தங்கியிருப்பது இந்த விடையில்தான். இரை பெரிதானால் வாந்தி, அளவு மிஞ்சிக்கொண்டே போனால் கொழுத்த கல்லீரல், குறைந்துகொண்டே போனால் மெலிவு. மூன்றையும் தவிர்க்க ஒரு சமையலறைத் தராசும் ஒரு குறிப்பேடும் போதும்.

பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் பாம்பு வளர்ப்பவர்களையும், வளர்க்க நினைக்கும் இளையோரையும், அவர்களுக்கு அனுமதி தர யோசிக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இக்கட்டுரை.

விழுங்கும்போது நடப்பது என்ன?

பாம்பு தன் தாடையைக் கழற்றி மாட்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. கீழ்த்தாடையின் இடப் பாதியும் வலப் பாதியும் முன்புறத்தில் எலும்பாக ஒட்டாமல், நெகிழும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால் இரண்டும் தனித்தனியே அசையும். எலியின் தலையைக் கவ்விய பாம்பைக் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். வலப்பக்கப் பற்கள் பிடித்திருக்க இடப்பக்கம் ஓரடி முன்னேறும். பிறகு இடப்பக்கம் பிடித்துக்கொள்ள வலப்பக்கம் நகரும். இரையை உள்ளே இழுப்பதைவிட, பாம்பே இரையின் மீது நடந்து செல்கிறது என்பதுதான் பொருத்தம். வாய் முழுவதும் அடைபட்டிருக்கும் அந்த நேரத்தில் மூச்சுக்குழாயின் முனை கீழ்த்தாடையின் மேலாக முன்னே நீண்டு காற்றை வாங்கிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட வாய்க்குத் தன் தலையைவிடப் பல மடங்கு பெரிய இரையும் அடங்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள், பெரிய இரையை விழுங்கிய 48 மணி நேரத்தில் இதயக் கீழறையின் எடை 40 விழுக்காடு கூடுவதை 2005இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். குடலும் கல்லீரலும்கூடப் பெருக்கின்றன. ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலைப் போலப் பல மடங்கு ஆற்றல் செரிமானத்துக்கே செலவாகிறது. ஒரு வேளை உணவுக்காக உடல் முழுவதும் உழைக்கிறது. தேவைக்கு மீறிய இரையைக் கொடுக்கும்போது அந்த உழைப்பைத்தான் நாம் தேவையின்றிச் சுமத்துகிறோம்.

அதே 2005இல் அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளப் பர்மிய மலைப்பாம்பு ஒன்று செத்துக் கிடந்தது. அதன் வயிறு கிழிந்து, அது விழுங்கிய அல்லிகேட்டர் முதலையின் உடல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. காட்டுப் பாம்பு தனக்குக் கிடைத்ததை விழுங்கியாக வேண்டும். வீட்டுப் பாம்புக்கு அந்த நெருக்கடி இல்லை. அதற்கு வேண்டிய அளவைத் தேர்ந்தெடுத்துத் தர நாம் இருக்கிறோம்.

அளவைக் கண்டறிய இரண்டு வழிகள்

முதல் வழி, பருமனை ஒப்பிடுவது. பாம்பின் உடலில் நடுப்பகுதியே மிகப் பருமனானது. இரையின் மிகப் பருமனான இடம் அதே அளவில் இருக்கலாம். சற்றுக் குறைந்தாலும் நல்லது. விழுங்கிய பிறகு வயிற்றில் லேசான மேடு தெரிந்து, ஓரிரு நாளில் மறைய வேண்டும். செதில்கள் விலகி இடையிலுள்ள தோல் தெரியும் அளவுக்குப் புடைத்து நின்றால் இரை பெரிது என்று பொருள். தலையின் அகலத்தை வைத்து இரையளவை முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது வழி எடை. இதுவே நம்பகமானது. மூடியில் காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கிவிட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடினால் போதும். இந்தத் தராசைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம். வளரும் குட்டிக்கு அதன் உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரையிலும், மிரண்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பான பால் பைத்தானுக்கு, முழு வளர்ச்சி அடைந்தபின் ஏறத்தாழ 5 விழுக்காடும் இரை தரலாம்.

சில கணக்குகளைப் பார்ப்போம். பால் பைத்தானின் குட்டி 70 கிராம் இருந்தால், அதற்கு 7 முதல் 10 கிராம் எடையுள்ள சுண்டெலி போதும். கடைக்காரர்கள் இதை 'ஹாப்பர்' என்பார்கள். ரோமம் முளைத்துத் துள்ளத் தொடங்கிய பருவம். 600 கிராம் எடையுள்ள இளம் பாம்புக்கு 40 முதல் 60 கிராம் எலிக்குட்டி பொருந்தும். 1,500 கிராம் எடையுள்ள முழு வளர்ச்சி பெற்ற பாம்புக்கு 75 கிராம் அளவிலான சிறிய எலியே போதுமானது. புதிதாகப் பொரித்த கார்ன் ஸ்நேக்கின் எடை 7 கிராம் அளவில்தான் இருக்கும். அதற்கு ஒரு கிராம் எடையுள்ள, ரோமமே முளைக்காத 'பிங்கி' ஒன்றைத் தந்தால் சரியாக இருக்கும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறினால் சிறியதையே எடுங்கள். சிறிய இரையால் அடுத்த வேளை சற்று முன்னதாக வரும், அவ்வளவுதான். பெரிய இரையால் வரும் கேட்டைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

அளவைப் போலவே இடைவெளியும் முக்கியம். பால் பைத்தான் குட்டிக்கு வாரம் ஒரு முறை, வளரும் பருவத்தில் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை, முழு வளர்ச்சிக்குப் பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை போதும். கார்ன் ஸ்நேக் குட்டிக்கு 5 முதல் 7 நாள், பெரியதற்கு 10 முதல் 14 நாள் இடைவெளி விடலாம்.

"பசிக்கிற மாதிரி பார்க்குதே" என்று மனம் இளகி எலியை நீட்டுவது அன்பினால்தான். ஆனால் பதுங்கியிருந்து வேட்டையாடும் பாம்பின் உடல், இரை கிடைக்கும்போது உண்டு நீண்ட நாள் காத்திருக்கும்படி அமைந்தது. அதற்கு வாரந்தோறும் பெரிய விருந்து வைத்தால் கொழுப்பு கல்லீரலிலும் உடற்குழியிலும் சேரும். நலமான பால் பைத்தானின் முதுகுத்தண்டை விரலால் தடவினால் மெல்லத் தட்டுப்படும். தண்டு கூரையின் உச்சிபோல் துருத்தினால் மெலிவு. தண்டே தட்டுப்படாமல், வால் பக்கம் மடிப்பு விழுந்து, சுருண்டிருக்கும்போது செதில்களின் இடையே தோல் தெரிந்தால் பருமன்.

பால் பைத்தான் சில மாதங்கள் இரையை மறுப்பதும் உண்டு. எடை குறையாமல், சுறுசுறுப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஏர்கோன் அறையும் செரிமானமும்

பாம்புக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளிச்சூடு இருந்தால்தான் செரிமானம் நடக்கும். பினாங்கின் வெக்கையில் இது சிக்கலாகாது என்று தோன்றும். ஆனால் இரவெல்லாம் ஏர்கோன் 20 பாகையில் ஓடும் படுக்கையறையில்தான் பல வீடுகளில் பாம்புப் பெட்டி இருக்கிறது. அந்தக் குளிரில் சரியான அளவு எலிகூடச் செரிக்காமல் வயிற்றிலேயே அழுகி வாந்தியாக வெளிவரும். பால் பைத்தானின் பெட்டியில் ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியஸும் மறுபக்கம் 26 பாகை அளவும் இருக்க வேண்டும். சூட்டுப் பலகையைக் கட்டாயம் தெர்மோஸ்டாட்டுடன் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும்.

உணவு உண்ட 48 மணி நேரத்துக்குப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. நண்பர்களுக்குக் காட்டவும் படம் பிடிக்கவும் வேறு நாள் இருக்கிறது.

வாந்தி எடுத்துவிட்டால் உடனே மீண்டும் உணவு தராதீர்கள். செரிமான நீரும் குடலின் நல்ல நுண்ணுயிர்களும் வெளியேறி, உணவுக்குழாய் புண்பட்டிருக்கும். தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு வழக்கமான அளவில் பாதியுள்ள இரையைத் தந்து பாருங்கள்.

பாலும் முட்டையும் உணவாகுமா?

பாயான் லெப்பாஸ் அருகே சுங்கை குளுவாங்கில், சோர் சூ கோங் துறவிக்காக 19ஆம் நூற்றாண்டில் எழுந்த பாம்புக் கோயிலைப் பினாங்கில் அறியாதவர் இல்லை. அங்கே கிளைகளில் அசையாமல் கிடக்கும் வாக்ளர் குழிவிரியன்களுக்கு முட்டை படைக்கும் வழக்கம் உண்டு. நம் வீடுகளிலோ புற்றுக்குப் பால் வார்க்கும் மரபு. இரண்டும் பக்தியின் வெளிப்பாடு, அதை மதிக்கிறோம். ஆனால் வீட்டில் வளரும் பாம்புக்கு இதை உணவாக எண்ணக் கூடாது. வாக்ளர் குழிவிரியன் உண்பது எலி, பறவை, பல்லி போன்றவற்றை. எந்தப் பாம்பின் குடலுக்கும் பாலைச் செரிக்கும் திறன் கிடையாது. தாகத்தில் குடித்தாலும் அது கேடே செய்யும். பால் பைத்தானுக்கும் கார்ன் ஸ்நேக்குக்கும் முழு எலியே நிறைவான உணவு. எலும்பு, ஈரல், தசை எல்லாம் சேர்ந்து அதிலேயே வேண்டிய சத்து இருக்கிறது. கடைக் கோழித் துண்டு அதற்கு ஈடாகாது.

பிடித்த எலி வேண்டாம், உயிருள்ள எலியும் வேண்டாம்

சாக்கடையோரத்தில் பொறிவைத்துப் பிடித்த எலியைப் பாம்புக்குக் கொடுப்பது ஆபத்து. அதன் உடலில் எலி மருந்தும் ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். அதைக் கையாளும் உங்களுக்கு, மலேசியாவில் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்லப்படும் எலிக்காய்ச்சலும் வரலாம்.

உயிருள்ள எலி தன்னைக் காத்துக்கொள்ளக் கடிக்கும். கண்ணை இழந்த பாம்புகளும், முதுகுத் தசை கிழிந்த பாம்புகளும் உண்டு. மனிதநேய முறையில் கொன்று உறையவைத்து விற்கப்படும் வளர்ப்பு எலிகளே பாதுகாப்பானவை. முதல் நாள் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்து உறைவு நீக்கி, பிறகு உறையோடு வெந்நீரில் போட்டு, தொடும்போது உடற்சூடு தெரியும் பதத்தில் இடுக்கியால் நீட்டுங்கள். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உள்ளே கொதித்து வெளியே குளிர்ந்திருக்கும். உறைவு நீங்கிய எலியை மறுபடி உறையவைக்கவும் கூடாது.

வீட்டாரின் நலம்

உறையவைப்பதால் சால்மொனெல்லா கிருமி சாவதில்லை. 2010இல் அமெரிக்காவில், பாம்புகளுக்கென விற்ற உறைந்த எலிகளிலிருந்து இக்கிருமி பல மாநிலங்களில் மனிதர்களுக்குப் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். எலிகளை உணவுப் பொருள் வைக்கும் உறைபெட்டியில் வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில் தனியாக வையுங்கள். உறைவு நீக்கும் பாத்திரமும் இடுக்கியும் சமையலறைக்குள் வரக் கூடாது. பாம்பையோ பெட்டியையோ தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் இந்த வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

எந்தப் பாம்பு நம் வீட்டுக்கு?

2016 ஏப்ரலில் பாயா தெருபோங்கில் மேம்பாலக் கட்டுமான இடத்தில் பிடிபட்ட சாவா பாதிக் மலைப்பாம்பைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் நீளம் எட்டு மீட்டர், எடை 250 கிலோ என்று பொதுத் தற்காப்புப் படையினர் மதிப்பிட்டார்கள். சில நாளிலேயே முட்டையிடும்போது அது இறந்துபோனது. கையளவுக் குட்டியாக விற்கப்படும் இனமும் இதுதான். சுண்டெலியில் தொடங்கும் அதன் உணவு சில ஆண்டுகளில் முயலில் வந்து நிற்கும். அந்த உணவையும் இடத்தையும் ஓர் அடுக்குமாடி வீட்டால் தர முடியாது. மலைப்பாம்பு உள்ளிட்ட பல இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் வருகின்றன. எந்தப் பாம்பானாலும் வாங்கும் முன்பே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்க்க முடியாமல் புதரில் விட்டுவிடுவது பாம்புக்கும் நம் காட்டுக்கும் செய்யும் தீங்கு.

எப்போது மருத்துவரிடம் போவது?

இரண்டாவது முறை வாந்தி எடுத்தாலோ, வாயில் நுரையோ சளியோ தெரிந்தாலோ, நாள் கடந்தும் வயிற்று மேடு கரையாமல் இறுகியிருந்தாலோ, எடை சரிந்துகொண்டே வந்தாலோ காத்திருக்காதீர்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் பகுதியில் யார் என்பதைப் பாம்பு வாங்கும் முன்பே விசாரித்து வைத்திருங்கள். போகும்போது குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். உணவு தந்த தேதி, இரையின் எடை, பாம்பின் எடை, மலம் கழித்த நாள், தோலுரித்த நாள், பெட்டியின் சூடு ஆகிய ஆறும் அதில் இருந்தால், எங்கே அளவு தவறியது என்பதை மருத்துவரால் விரைவில் கண்டுபிடிக்க முடியும். அடுத்த எலியின் எடையை அதே பக்கத்திலேயே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.