நியூரம்பர்க் நகரத்துக் கல்மேடை

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் அந்நிலத்தின் பரப்பை எளிதில் மறவார். மேடு பள்ளமின்றிப் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் அவ்வெளியில், வரப்பின்மேல் நின்று உப்பு வாரும் தொழிலாளி தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒரு கரும்புள்ளியாகவே தோன்றுவார். அகன்ற வெளி மனிதனைச் சிறியவனாகக் காட்டும். அஃது அதன் இயல்பு. அவ்வியல்பையே கருவியாகக் கொண்டு, மக்கள் தம்மை மறந்து தலைவன் ஒருவனையே நோக்கி நிற்குமாறு ஒரு வெளியை அமைத்த ஆட்சியும் உலகில் இருந்தது. செருமனி நாட்டு நியூரம்பர்க் நகரின் தென்கிழக்கே அவ்வெளி இன்றும் உளது.

1933-ஆம் ஆண்டில் செருமனியின் ஆட்சி இட்லரின் கைக்கு வந்தது. அவ்வாண்டு தொடங்கி 1938 வரை ஆண்டுதோறும் நாஜிக் கட்சியின் பெருமாநாடு இந்நகரில் கூடியது. அதற்கென வகுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 11 சதுரக் கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி செப்பலின் வெளி எனப்படும். 1909-ஆம் ஆண்டில் செப்பலின் பிரபுவின் வான்கப்பல் அங்கே வந்திறங்கியமையால் அப்பெயர் பெற்றது. அவ்வெளியின் ஒரு பக்கத்தில் ஆல்பர்ட் ஸ்பீர் என்னும் கட்டடக் கலைஞர் 360 மீட்டர் நீளமுள்ள கல்மேடை ஒன்றை எழுப்பினார். உப்பள வரப்பில் அத்தொலைவை நடந்து கடக்க நமக்கு நான்கு நிமிடத்திற்குமேல் ஆகும். அத்துணைப் பெரிய மேடையின் நடுவே, ஒருவர் நின்று பேசுதற்கு மட்டும் ஒரு சிறு இடம்! எதிரே இலட்சக்கணக்கானோர் அணி அணியாக நிற்பர்.

இரவுக் காட்சி இன்னும் வியப்பானது. 130-க்கு மேற்பட்ட தேடொளி விளக்குகள் வெளியைச் சூழ நின்று வானை நோக்கி ஒளி பாய்ச்சின. ஒளித்தூண்கள் தாங்கும் பெருமண்டபம் ஒன்றினுள் நிற்பதாகவே கூடியிருந்தோர் உணர்ந்தனர். இதன் தோற்றுவாயை ஸ்பீரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். கட்சி அலுவலர் பலர் தொந்தி பருத்து, ஒழுங்காக அணிவகுக்க இயலாதவராய் இருந்தனர். ஆதலின் அவர்களை இருளில் நடத்துவதே தக்கது எனக் கருதினாராம்! கிழிந்த திரையை விளக்கை இடம் மாற்றி மறைக்கும் கூத்து மேடைச் சூழ்ச்சியை ஒத்தது இது.

எனினும் கூத்தென நகைத்து விடுதற்கில்லை. 1935-ஆம் ஆண்டு மாநாட்டின்போது, செப்டம்பர் 15-ஆம் நாள், யூதரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் இந்நகரிலேயே நிறைவேறியது. இங்கே எழுப்பக் கருதிய பிற கட்டடங்களுக்கு வேண்டிய கருங்கல்லைச் சிறைமுகாம்களில் அடைபட்டோர் உடைத்தனர். பலர் கல்லுடைக்கும் இடத்திலேயே மாண்டனர். 1939-ஆம் ஆண்டு மாநாட்டிற்கு இட்ட பெயர் ‘அமைதி மாநாடு’. அது செப்டம்பர் 2-ஆம் நாள் தொடங்கவிருந்தது. முதல் நாளே செருமானியப் படை போலந்தினுள் புகுந்தது, மாநாடு நடைபெறவில்லை.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நகரைக் கைப்பற்றி, மேடையின் உச்சியில் இருந்த சுவத்திகச் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 1967-இல் தூண்வரிசைகள் இடிக்கப்பட்டன. என்றும் அழியாக் கல்மலைபோல் தோன்றிய அம்மேடை, உண்மையில் செங்கல்லின்மேலும் கான்கிரீட்டின்மேலும் கற்பலகைகளைப் போர்த்தி விரைவில் கட்டியதே. இடுக்குகளில் மழைநீர் புகப் புகக் கல் பெயர்ந்தது. அதனை என் செய்வது? தானே சிதையட்டும் என்றாரும் உளர். நகர மன்றமோ, அதனைப் புதுக்கி அழகுபடுத்தாமலும் அழியவிடாமலும், உள்ளவாறே காப்பதென முடிவு செய்தது. அதுவே தக்கது என்பேன். மேடை மறைந்தால், அன்று மயங்கி நின்றோரை அறிவிலிகள் எனக் கூறிவிட்டு, நாம் அத்தகையோம் அல்லோம் என்று பின்வருவோர் இறுமாந்திருப்பர்.

கட்டி முடியாது நின்ற மாநாட்டு மண்டபத்தில் 2001-ஆம் ஆண்டு வரலாற்றுக் காட்சியகம் திறக்கப்பட்டது. அம்மண்டபத்தின் நேர்கோட்டுச் சுவர்களைக் குறுக்கே துளைத்துச் செல்கிறது, கண்ணாடியாலும் எஃகாலும் ஆன ஒரு நடைவழி. செப்பலின் மேடைக்கு முன்னுள்ள சாலையிலோ கோடைக்காலத்தில் கார்ப் பந்தயம் நடைபெறுவதுண்டு. நகரத்தார் அப்பழைய படிகளில் அமர்ந்து அதனைக் கண்டு களிப்பர்.