‘சுழல்’ பார்த்த படுவான்கரை: திரையில் எட்டுப் பாகம், இங்கே முப்பத்தைந்து வருடம்

படுவான்கரையில் இருக்கும் என் பெரியம்மா ‘சுழல்’ தொடரை மகளின் கைத்தொலைபேசியில், அதைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துத்தான் பார்த்தார். 2022 ஜூனில் அமேசன் பிரைமில் வந்த தமிழ்த் தொடர் அது. புஷ்கர் - காயத்ரி எழுதியது. மலையோரத்துச் சிற்றூர் ஒன்றில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகள் காணாமல் போகிறாள். பார்த்திபன் தகப்பன், ஐஸ்வர்யா ராஜேஷ் மூத்த மகள், கதிரும் ஸ்ரேயா ரெட்டியும் பொலிஸ்.

பிள்ளையைக் காணவில்லை என்றதும் பொலிஸ் தேடத் தொடங்கும் இடத்தில் பெரியம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் பார்த்தார். அவருடைய மூத்த மகன் 1990இல், நான் பிறந்த வருடத்தில், ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர். அந்த முறைப்பாட்டை ஒருவர் பேனை எடுத்து எழுதிக்கொள்ளும் வரைக்கும் அவர் எத்தனை நாள் நடந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதன்பிறகு வாவியின் இரண்டு கரையிலும் தெரிந்தவர்களிடம் இப்படியான தொடர்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். இது கருத்துக்கணிப்பு அல்ல, திண்ணைப் பேச்சுத்தான். இளம் பிள்ளைகளுக்கு இது நல்ல த்ரில்லர், யார் செய்தது என்று ஊகிப்பதில்தான் சுவை. சில அம்மாமார் முதல் பாகத்தோடு எழுந்து போய்விட்டார்கள். நான் எதிர்பாராதது மூன்றாவது வகை: வீட்டில் ஒருவரைத் தொலைத்திருந்தும், கடைசிப் பாகம் வரை விடாமல் பார்த்தவர்கள். அவர்களில் பலருக்கும் காரணம் ஒன்றுதான். கடைசியில் ஒரு விடை கிடைக்கிறது.

ஊடகக் கற்கை படித்த எனக்கு இந்த வகைத் தொடர்களின் அச்சு பரிச்சயமானது. அமெரிக்காவின் சி.பி.எஸ். அலைவரிசையில் 2002 முதல் 2009 வரை ஓடிய ‘வித்தவுட் எ ட்ரேஸ்’ அதற்கு நல்ல உதாரணம். நியூயோர்க்கில் எஃப்.பி.ஐ.யின் ஒரு பிரிவு வாரம் ஒருவரைத் தேடும். காணாமல் போய் எத்தனை மணித்தியாலம் என்று திரையில் எழுத்து ஓடும். வெள்ளைப் பலகையில் கடைசி நாளின் நேரக்கோடு வரையப்படும்: எத்தனை மணிக்கு எங்கே நின்றார், யார் கடைசியாகக் கண்டது. சில பாகங்களின் முடிவில் உண்மையாகவே காணாமல் போனவர்களின் படத்தைக் காட்டித் தகவலும் கேட்டார்கள்.

இந்த அச்சுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் தெரியாது, தடயம் கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. மட்டக்களப்பில் அது அப்படியே தலைகீழ்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபோது வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாகியது. செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கு வந்து 158 பேரைக் கொண்டுபோனது. பகலில், பெற்றோரும் மனைவிமாரும் பார்த்துக்கொண்டிருக்க, முகமூடி போட்ட தலையாட்டிகள் முன்னால் வரிசையாக நடத்தித்தான் ஆட்களைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. கடைசியாகக் கண்டது யார் என்று கேட்டால் முழு முகாமும் கை தூக்கும். 1994இல் அமைக்கப்பட்ட வடக்கு கிழக்கு ஆணைக்குழு தொடங்கி, 2014இல் மட்டக்களப்பில் அமர்வு நடத்திய பரணகம ஆணைக்குழு வரை இந்த மாவட்டத்து அம்மாமார் ஒரே நேரக்கோட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். வெள்ளைப் பலகை நிறைந்துதான் இருக்கிறது. மணித்தியாலம் எண்ணுவதென்றால், முப்பது வருடத்திலேயே இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

‘காணாமல் போனவர்’ என்று நான் எழுதினால் பெரியம்மாவுக்குக் கோபம் வருவதும் இதனால்தான். போனவரில்லை, ஆக்கப்பட்டவர். ‘சுழல்’ பற்றிப் பேசும்போது மட்டும் அவரும் ‘காணாமல் போன பிள்ளை’ என்றே சொல்கிறார். வித்தியாசத்தை அவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

தொடரில் தேடுபவரும் கைது செய்பவரும் ஒரே ஆள். நம் சட்டம் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்துக்கு (மட்டக்களப்பிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு) சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அதன் கண்டுபிடிப்புகளால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ ஏற்படாது என்று அதே சட்டம் சொல்கிறது. வழக்குத் தொடரும் அதிகாரம் வேறு இடத்தில். வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 2018இல்தான் வந்தது. அது இனி நடப்பவற்றுக்கே பொருந்தும் என்பதுதான் அப்போதைய அரசாங்கம் தந்த விளக்கம். 1990 அதற்குள் அடங்காது.

நடைமுறையில் குடும்பங்களின் கைக்கு வருவது, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்காக 2016இல் கொண்டுவரப்பட்டது. இரண்டு வருடம் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். காணி, வங்கிக் கணக்கு, உதவித்தொகை போன்ற அலுவல்களுக்குப் பயன்படும். பயன்படுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகனை மறுபடியும் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கும் வேலையை எந்தத் திரைக்கதையும் எழுதியதில்லை.

ஆய்வுகூட விடயமும் அப்படித்தான். தொடரில் எலும்பு கிடைத்தால் அடுத்த விளம்பர இடைவேளைக்குள் பெயர் வந்துவிடும். மன்னார் சதொச வளவில் 2018இல் வெளிவந்த புதைகுழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் இருந்தன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் மட்டும் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த காபன் பரிசோதனை முடிவு அவற்றைக் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. அதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. காபன் பரிசோதனை காலத்தைத்தான் மதிப்பிடும், ஆளைச் சொல்லாது. ஆளை அறிய மரபணு வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் மாதிரிகளும் வேண்டும். ஆர்ஜென்டினாவில் காணாமலாக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரின் போராட்டத்தால் 1987இலேயே அதற்கென ஒரு தேசிய மரபணு வங்கி சட்டமாகியது. இங்கே மாதிரி கொடுக்க வேண்டிய தாய்மார் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

எழுவான்கரையில் பேசியபோது காத்தான்குடிப் பக்கத்தவர் ஒருவர் குருக்கள்மடத்தை நினைவுபடுத்தினார். 1990 ஜூலையில் அவ்வழியே பயணம் செய்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்று புதைத்தார்கள் என்ற முறைப்பாடு 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை போனது, அகழ்வுக்கு உத்தரவும் கிடைத்து, பிறகு தள்ளிப்போனது. அவரும் ‘சுழல்’ முழுவதும் பார்த்தவர். காரணமும் அதேதான்.

விடைக்காக ஒரு கற்பனைக் கதையைக் கடைசிவரை பார்க்கும் இந்த மனநிலையை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் எழுதிய ஒன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். வியட்நாமில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைக் கவனித்தவர் அவர். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு மரணத்தைப் போல ஆறாது, துக்கத்தைத் தொடங்கவே விடாது என்றார். குடும்பத்தவரின் பலவீனம் அல்ல, நிலைமையின் இயல்பு என்றும் சொன்னார். பெரியம்மா தொடரை முடித்த இரவு நன்றாக உறங்கினார் என்று மகள் சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

‘சுழல்’ இரண்டாம் பருவம் 2025 பெப்ரவரியில் வந்தது. நானே போனில் போட்டுக் கொடுத்தேன். அதில் கதை ஒரு கொலையில் ஆரம்பிக்கிறது, பிணம் முதல் பாகத்திலேயே கிடைத்துவிடுகிறது. பெரியம்மா சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். ஆள் கிடைத்துவிட்டாரே, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.